நீலகிரியில் துகள் கற்றை அளப்போர் கவனத்துக்கு

துகள் கற்றையை லேசரால் அளக்க ஆசைப்படுகிறவர் முதலில் ஒரு துகள் முடுக்கியைத் தேடிக்கொள்ள வேண்டும். பலர் இந்த இடத்திலேயே கோட்டை விடுகிறார்கள். லேசரை வாங்கி வைத்துக்கொண்டு, அதை எதன்மேல் அடிப்பது என்று தெரியாமல் எதிர்மலை மரத்தில் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீலகிரியில் என்ன இல்லை? அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. குன்னூரில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்த பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. ஊட்டியில் ஒரு காலத்தில் ஃபிலிம் செய்தார்கள். டீ ஃபேக்டரிகளுக்குக் கணக்கே இல்லை. முடுக்கி மட்டும்தான் இல்லை. அது வேண்டுமென்றால் இந்தூருக்குப் போக வேண்டும். ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 என்று ஒரு சிங்க்ரோட்ரான் வளையம் இருக்கிறது: சுற்றளவு 172 மீட்டருக்கு மேல், எலக்ட்ரான்களின் ஆற்றல் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட். லேசர் ஆராய்ச்சியும் முடுக்கி ஆராய்ச்சியும் அங்கே ஒரே வளாகத்தில் நடக்கின்றன. நம் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான இடம். அந்த வளையத்தை மட்டும் மேலே கொண்டுவந்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பர்லியார் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விஷயம் முடிந்துவிடும். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். படிவத்தில் கார், பஸ், வேன் என்றெல்லாம் கேட்பார்கள். சிங்க்ரோட்ரானை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

முடுக்கி கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். லேசர் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது.

கற்றை எவ்வளவு அகலம், எங்கே அடர்த்தி, எங்கே நீர்த்திருக்கிறது என்று பார்ப்பதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. கார்பனிலோ டங்ஸ்டனிலோ ஒரு மெல்லிய கம்பியைக் கற்றைக்குக் குறுக்கே இழுப்பார்கள். கம்பியில் மோதிச் சிதறுவதை எண்ணினால், எந்த இடத்தில் எத்தனை துகள் என்று தெரிந்துவிடும். கற்றை சாதுவாக இருக்கும்வரை இது நல்ல முறை. கற்றைக்கு வீரியம் ஏற ஏற, கம்பி சூடேறி அறுந்துபோகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருப்பதைப் போன்ற மீக்கடத்து முடுக்கியில் இது பெரிய தலைவலி. அறுந்த துணுக்கு, துகளை முடுக்கும், பளபளவென்று துடைத்து வைத்த நயோபியம் குழிவுக்குள் விழுந்தால், அந்தக் குழிவின் கதி அவ்வளவுதான். ஆகவே கம்பிக்குப் பதிலாக ஒளியையே நீட்டுகிறார்கள். ஒளி அறுந்துபோகாது, குப்பையும் போடாது.

ஓக் ரிட்ஜ் கற்றையில் ஓடுவது ஹைட்ரஜன் அணு. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த எலக்ட்ரானின் பிடிமானம் வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண அகச்சிவப்பு லேசரின் ஒரு ஃபோட்டானுக்கு 1.17 இருக்கும். தட்டினால் போதும், எலக்ட்ரான் கழன்றுவிடும். அதை ஒரு சிறு காந்தத்தால் ஓரத்துக்கு ஒதுக்கி எண்ணிக்கொள்கிறார்கள். லேசரை மேலும் கீழுமாக நகர்த்தினால் கற்றையின் படம் வந்துவிடும். கழன்றவை கோடியில் ஏதோ கொஞ்சம். மிச்சம் உள்ளவை ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனீவா அருகே செர்ன் நிறுவனத்தின் லினாக்4 கற்றையையும் இதே வழியில் பார்க்கிறார்கள்.

வெறும் எலக்ட்ரான் கற்றை என்றால் கழற்ற ஒன்றுமில்லை. அங்கே ஒளிதான் அடி வாங்க வேண்டும். பறந்துவரும் எலக்ட்ரான் லேசரின் ஃபோட்டானை மோதி முன்னால் உதைத்துத் தள்ளும். ஜப்பானின் ட்சுகுபாவில் உள்ள சோதனை முடுக்கியில் 130 கோடி எலக்ட்ரான் வோல்ட் கற்றையைப் பச்சை லேசர் குறுக்காக வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் ஃபோட்டானுக்கு 2.33 எலக்ட்ரான் வோல்ட். உதை வாங்கி வெளியே வரும்போது அதிகபட்சம் ஏறக்குறைய 3 கோடி. பச்சையாகப் போனது காமா கதிராக வருகிறது. கற்றையை ஒரு காந்தம் வளைத்து ஒதுக்கிவிட, காமா மட்டும் நேர்கோட்டில் வந்து எண்ணும் கருவியில் விழும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. லேசரை எவ்வளவு குவித்தாலும் அதன் அலைநீளத்தைவிட ரொம்பவும் ஒல்லியாக்க முடியாது. கற்றை அதைவிட ஒல்லியாக இருந்தால் என்ன செய்வது? ஜப்பானிய இயற்பியலாளர் ட்சுமோரு ஷின்டாகே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே மோதவிட்டால் வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாக விழும். கற்றையை அந்த வரிகளின் குறுக்கே மெல்ல நகர்த்த வேண்டும். சீப்பின் பல்வரிசையில் கட்டைவிரலை ஓட்டினால் வழவழவென்று போய்விடும், ஊசியை ஓட்டினால் டக் டக்கென்று ஒவ்வொரு பல்லும் தட்டுப்படும் அல்லவா? கற்றை தடிமனாக இருந்தால் காமா எண்ணிக்கை ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே மட்டமாக வரும். ஒல்லியாக இருந்தால் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். அந்த ஏற்ற இறக்கத்தின் ஆழம்தான் அகலக் கணக்கு. 1990களில் ஸ்டான்ஃபோர்டில் இந்த முறையில் 70 நானோமீட்டர் அளவில் அளந்தார்கள். பிறகு ட்சுகுபாவில் 50 நானோமீட்டருக்கும் கீழே போனார்கள். இவ்வளவு சின்னதை அளக்கும்போது பக்கத்துச் சாலையில் லாரி போனால்கூடத் தரை ஆடும். ஊட்டியில் சீசன் நேரத்தில் முயல வேண்டாம்.

இனி உள்ளூர்ப் பிரச்சினைகளுக்கு வருவோம்.

மேலே சொன்னது எல்லாம் வெற்றிடக் குழாய்க்குள் நடப்பது. லேசர் போவதே கண்ணுக்குத் தெரியாது. ஒளி தெரிய வேண்டுமானால் வழியில் அதைச் சிதறடிக்க ஏதாவது இருக்க வேண்டும். முடுக்கிக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருந்தாலே வேலை கெட்டது. நமக்கோ அது வேண்டிய மட்டும் இருக்கிறது. மாலையில் கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியில் லேசர் பாயிண்டரை அடித்துப் பாருங்கள். பத்தடிக்குப் பச்சைக் கம்பு மாதிரி நிற்கும், பதினோராவது அடியில் காணாமல் போகும். பார்க்க அழகுதான், அளக்க உதவாது. இன்னொன்று: தேயிலைத் தோட்டத்துப் பக்கம் அடிக்காதீர்கள். வளைந்து வளைந்து போகும் செடி வரிசைக்கு நடுவே கறுப்பாகத் தெரிவது பாறையாக இருக்கலாம், காட்டெருமையாகவும் இருக்கலாம். காட்டெருமையாக இருந்தால் உங்கள் ஓட்டத்தின் வேகத்தைத்தான் அளக்க நேரும்.

மனம் தளர வேண்டாம். 1927-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் ஆர்தர் காம்ப்டன். எலக்ட்ரானில் மோதி ஒளி சிதறும் விதத்தைக் காட்டியவர். ட்சுகுபாவில் லேசரை வைத்து அவர்கள் செய்வதெல்லாம் அவர் போட்ட பாதை. மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான சி.டி.ஆர். வில்சன். 1894-இல் பென் நெவிஸ் மலையுச்சியில் உட்கார்ந்து மூடுபனியில் விழும் வண்ண வளையங்களைப் பார்த்து மயங்கி, அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்து பார்க்கப் போய், கடைசியில் துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையைக் கண்டுபிடித்தவர். சமவெளிக்காரர்கள் காம்ப்டனின் பாதியை வைத்துக்கொள்ளட்டும். மலைக்காரர்களான நமக்கு வில்சனின் பாதிதான் தோது. மூடுபனியைக் குறையாக நினைக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டவர் அவர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950களில் ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வு தொடங்கியபோதும் பெரிய பெரிய மேக அறைகளைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கற்றைக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? அண்ணாந்து பாருங்கள். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றின் உச்சியில் மோதி உடைகின்றன. அந்தச் சிதறலில் பிறக்கும் மியூவான்கள் தரைவரை வருகின்றன. விரித்த உள்ளங்கைக்கு வினாடிக்கு ஒன்று என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது, இ-பாஸும் கிடையாது.

வீட்டிலேயே மேக அறை செய்ய வேண்டியவை: ஒரு கண்ணாடித் தொட்டி (மீன் செத்துப்போனதாக இருந்தால் நல்லது, உயிரோடு இருந்தால் வேறு தொட்டி பாருங்கள்), தடித்த ஃபெல்ட் துணி, கறுப்பு மை பூசிய உலோகத் தட்டு, மருந்துக்கடையில் அல்லாமல் ரசாயனக் கடையில் வாங்கிய 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், டிரை ஐஸ். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், அதில் தண்ணீர் அதிகம். டிரை ஐஸ் அநேகமாகக் கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டும். தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவாருங்கள், மூடியை மட்டும் இறுக்கி ஒட்டாதீர்கள். உள்ளே அது வாயுவாகிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறினால் பெட்டி வெடிக்கும். குளிருகிறதே என்று காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு மலையேறினால், வெளியாகும் கரியமில வாயுவில் டிரைவர் கிறங்கிப்போவார். வெறுங்கையால் தொடக் கூடாது, அது பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் அடுப்பு எரியவும் கூடாது.

தொட்டியின் அடியில் ஃபெல்ட்டை ஒட்டி, ஆல்கஹாலில் ஊறவைத்து, தொட்டியைத் தட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். தட்டுக்குக் கீழே டிரை ஐஸ். சந்து பொந்தெல்லாம் அடைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருங்கள். மேலிருந்து ஆவி இறங்கி, தட்டுக்கு மேலே ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில், திரள வேண்டும் ஆனால் திரள ஒரு சாக்கு வேண்டும் என்கிற நிலையில் நிற்கும். துகள் ஒன்று குறுக்கே போனால் அதுதான் சாக்கு. வெள்ளை நூல் இழுத்தாற்போல் ஒரு கோடு தோன்றி, ஓரிரு வினாடி நின்று, கலைந்து கீழே விழும். குட்டையாகத் தடித்து விழுவது ஆல்பா, கிறுக்கிக்கொண்டு திரும்புவது எலக்ட்ரான், நீளமாக நேராகப் போவதில்தான் மியூவான் இருக்கும்.

நீங்கள் வாங்கிவைத்த லேசர் கடைசியாக இங்கே உதவும். பாயிண்டரின் முன்னால் ஒரு கண்ணாடிக் குச்சியைக் குறுக்கே பிடித்தால், ஒளி ஒரு தாளைப் போல விரியும். அதைத் தட்டுக்கு மேலே படுக்கையாக அடியுங்கள். தடம் அந்தத் தாளில் விழுந்தால் பச்சையாகப் பற்றிக்கொள்ளும். நேராகக் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு மினுமினுப்பாக இருந்தால் ஒளி எங்கெங்கோ தெறிக்கும், அதனால்தான் மங்கலான கறுப்பு மை.

இந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார்.

“என்ன தம்பி, ராத்திரியில பொட்டிக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு இருக்க?”

“மியூவான்க்கா. மேல இருந்து விழுந்துட்டே இருக்கு.”

“ஓடு மாத்துன்னு போன மழைக்கே சொன்னேன்ல?”

விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், டிரை ஐஸ் தீர்ந்துவிடும்.

வீட்டு அறையில் பார்த்துத் திருப்தி அடையாதவர்களுக்கு அடுத்த நிலை உண்டு. ஊட்டியில், 2200 மீட்டர் உயரத்தில், அதே டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்களம் இருக்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் கூட்டாளிகள். களம் முழுக்க எட்டெட்டு மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 400 உணரிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் ஒளிர்வுப் பலகை. கவனிக்க: பிளாஸ்டிக். வாட்டர் பாட்டிலோடு மலையேறினால் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். அவர்கள் பலகையை ஊட்டியிலேயே வார்த்துக்கொண்டார்கள். முன்யோசனை என்றால் இதுதான்.

மியூவான்களைத் தனியே எண்ண 3712 குழாய்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுர வாய். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் புரோட்டான் சிதைகிறதா என்று தேடிய சோதனையில் இருந்தவற்றைத்தான் அது முடிந்த பிறகு மறுபடி வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள். நாலு அடுக்காக, ஓர் அடுக்கு நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில். மேலே இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட். 100 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த மியூவான் உள்ளே வர முடியாது. இப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான், 169 திசைகளில் பிரித்துக் கணக்கு. செலவைக் குறைக்க நினைப்போர் மனதில் வைக்க: பழைய இரும்பு கெடுவதில்லை.

இத்தனை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, 2014 டிசம்பர் 1. அன்று ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் போனது. கடல்மட்டத்திலிருந்து 11 கிலோமீட்டருக்கு மேல் உயரம், குறைந்தது 380 சதுர கிலோமீட்டர் பரப்பு. அது தலைக்கு மேலே நின்ற 18 நிமிடமும் மியூவான் எண்ணிக்கை குறைந்தது. அதிகம் போனால் இரண்டு சதவீதம். மேலிருந்து வரும் மியூவான்களில் நேர்மின் சுமை உள்ளவை சற்று அதிகம், எதிர்மின் சுமை உள்ளவை சற்றுக் குறைவு. மேகத்துக்குள் உள்ள மின்னழுத்தம் ஒன்றைத் தள்ளிவிட்டால் இன்னொன்றைத் தடுத்து நிறுத்தும். இரண்டும் சமமாக இருந்திருந்தால் வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிப் போயிருக்கும். சமமில்லாததால் கணக்கில் துண்டு விழுந்தது. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு கணினியில் பின்னோக்கிப் போய், மேகத்தின் அழுத்தம் 130 கோடி வோல்ட் என்று 2019-இல் அறிவித்தார்கள். அதுவரை பலூன் விட்டு அளந்ததில் அதிகபட்சம் 13 கோடி. இடிமேகத்துக்குள் 100 கோடி வோல்ட் இருக்கும் என்று 1920களிலேயே சொல்லி வைத்தவர் யார் தெரியுமா? பென் நெவிஸில் மூடுபனி பார்த்துக்கொண்டிருந்த அதே வில்சன்.

130 கோடி என்ற எண் இதற்கு முன் எங்கே வந்தது என்று தேடிப் பாருங்கள். ட்சுகுபா முடுக்கியின் கற்றை ஆற்றலும் அதுதான். அவர்கள் முடுக்கி கட்டி, வெற்றிடம் உண்டாக்கி, லாரி போகாத நேரம் பார்த்து எட்டிய எண்ணை, நம் மேகம் போகிற போக்கில் தொட்டிருக்கிறது. முடுக்கி என்று சொல்லிக்கொள்ள அதற்குத் தகுதி குறைவுதான். உள்ளே முழுக்கக் காற்று. எலக்ட்ரான் பாதி வழியிலேயே முட்டி மோதிச் சக்தியை இழந்துவிடும். ஆனாலும் நீலகிரியில் முடுக்கி இல்லை என்று இரண்டாவது பத்தியில் சொன்னதை அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ட்சுகுபாவில் ஒளி குறுக்கே போய்க் கற்றையை அளக்கிறது. ஊட்டியில் கற்றை குறுக்கே போய் மேகத்தை அளக்கிறது. இரண்டு இடத்திலும் அளக்கப்படுவதைத் தொட்டுக் கெடுத்துவிடாமல் கணக்கெடுக்கிறார்கள். பலூன் மேகத்தின் ஒரு கோட்டில்தான் ஏறும். மியூவான் மேகம் முழுக்க ஊடுருவும், அது வந்துபோனது மேகத்துக்கே தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டில் ஊட்டிக்காரர்கள் செய்ததுதான் சாமர்த்தியம். அவர்கள் கற்றையையும் செய்யவில்லை, மேகத்தையும் செய்யவில்லை. பழைய குழாயை அடுக்கி வைத்துவிட்டு விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மீன் தொட்டியை மாடிக்குத் தூக்கிப்போய் இடிமேகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு சதவீதக் குறைவு என்பது தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்துக்கு மேலே தலைகாட்ட வேண்டும். 2500 மியூவான் எண்ணினால்தான் தற்செயலே இரண்டு சதவீதத்துக்கு இறங்கும். வினாடிக்கு ஒன்று என்றால் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். மேகமோ 18 நிமிடத்தில் கோத்தகிரிப் பக்கமோ எங்கோ போய்விடும். கிரேப்ஸ்காரர்களுக்கு நிமிடத்துக்கே 27 லட்சத்துக்கு மேல் வருகிறது, அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் இன்னும் நிறைய மீன் தொட்டி வாங்க வேண்டும். தவிர, இடி இடிக்கும்போது மொட்டை மாடியில் நிற்பவரை அளக்க மின்னலுக்கு ஒரு மியூவானும் தேவையில்லை.

அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்வி, இந்த 130 கோடி வோல்ட்டை வீட்டுக்கு இழுக்க முடியுமா என்பது. ஆசை நியாயமானதுதான். அன்றைய மேகத்தின் திறன் குறைந்தது 200 கோடி வாட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பைக்காரா, குந்தா என்று மலையில் உள்ள பழைய நீர்மின் நிலையங்கள் அத்தனையும் முழு மூச்சாக ஓடினாலும் அதில் பாதி வராது. ஆனால் மலையில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும்: மேலே முதல் இடி இடித்த உடனே கீழே கரண்ட் போய்விடும். ஆகையால் சோதனையைத் தொடங்கும் முன் டார்ச்சுக்கு சார்ஜ் போட்டு வையுங்கள், டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், லேசருக்கு இரண்டு பேட்டரி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டால் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிடுவார்.